காலியிடம் எத்தனை என்று முதலில் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சட்டப் படிப்புச் சேர்க்கை பற்றியும், இந்த ஆண்டு கட்-ஆஃப் எவ்வளவு வரும் என்பது பற்றியும் உங்கள் நாளிதழில் செய்திகள் வருகின்றன. நல்லது. ஆனால் சேர்ந்த பிறகு ஒரு சட்டக் கல்லூரியிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதல் கேட்டு அலைகிற பிள்ளைகளைப் பற்றி நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. அவர்களுடைய மனுவை டைப் செய்து கொடுக்கிறவள் என்ற முறையில் நான் எழுதுகிறேன். நீளமாகத் தோன்றினால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் இருக்கிற விஷயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தென்மாவட்டம் ஒன்றில் நீதிமன்றத்துக்கு எதிரே ஜாப் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வக்காலத்து, பிரமாண வாக்குமூலம், ஜீவனாம்ச மனு, செக் மோசடி நோட்டீஸ் எல்லாம் என் கடையில்தான் அச்சாகும். வக்கீல்கள் கையெழுத்து எனக்குத் தலைகீழாக வைத்தாலும் புரியும். அப்புறம் ஜூன், ஜூலை வந்தால் வேறொரு கூட்டம் வரும். முதலாம் ஆண்டு முடித்த சட்டக் கல்லூரி மாணவர்கள், கூடவே அப்பாவோ அம்மாவோ. கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலிருந்து ஆதார் வரை எல்லாம் இருக்கும், மனு மட்டும் இருக்காது. "அக்கா, டிரான்ஸ்ஃபர் லெட்டர் ஒண்ணு போடணும்" என்பார்கள்.

அந்த மனுவுக்கு ஒரு வடிவம் உண்டு. அனுப்புநர், பெறுநர், அதற்குக் கீழே "உரிய வழியாக" என்று இப்போது படிக்கிற கல்லூரி முதல்வரின் பதவி. பொருள்: கல்வி – சட்டம் – ஐந்தாண்டுப் படிப்பு – கல்லூரி மாறுதல் கோருதல் – தொடர்பாக. நாலு பத்தி. கடைசியில் இணைப்பு என்று போட்டு வரிசையாகச் சான்றுகள். வானவில் எழுத்துருவில் அடித்து வைத்திருக்கிறேன். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும், ஐந்து நிமிட வேலை. எனக்கு ஐந்து நிமிடம், அந்தப் பிள்ளைக்கு அது ஒரு செமஸ்டரை விழுங்குகிற வேலை.

ஏன் என்றால், காலியிடம் இருக்கிறதா என்று தெரியாமலேயே மனுப் போடவேண்டியிருக்கிறது. இருக்கிற கல்லூரியில் தடையில்லாச் சான்று கேட்டால், "போகிற கல்லூரியில் இடம் இருக்கிறது என்று எழுதி வாங்கி வா" என்கிறார்கள். போகிற கல்லூரியில் கேட்டால், "முதலில் அங்கே என்.ஓ.சி. வாங்கி வா" என்கிறார்கள். இரண்டையும் எப்படியோ வாங்கினால் சென்னையில் சட்டக் கல்வி இயக்ககம், அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் என்று கோப்பு போகவேண்டும். எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு இரவு முழுக்கப் பயணம். போய்ச் சேர்ந்த பிறகு "சீட் இல்லையே" என்ற பதிலைக் கேட்கவா அவ்வளவு தூரம் போவது?

எதிரே இருக்கிற சீனியர் வக்கீல் ஒருவர், எழுபதைத் தாண்டியவர், சாயங்காலம் என் கடையில் வந்து உட்காருவார். அவர் காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது என்பார். 1891-இல் சென்னையில் தொடங்கிய சட்டக் கல்லூரிதான் வெகுகாலம் அரசுக் கல்லூரி என்று இருந்த ஒன்று. எந்த ஊர்ப் பிள்ளையாக இருந்தாலும் சட்டம் படிக்க ரயில் ஏறிப் பாரிமுனைக்குப் போயாகவேண்டும். 1974-இல் மதுரைக்குக் கல்லூரி வந்தது, பிறகு கோவை, திருச்சி. 1996-இல் திருநெல்வேலி. 2017-இல் விழுப்புரம், தருமபுரி, இராமநாதபுரம். அதற்குப் பிறகு சேலம், நாமக்கல், தேனி, 2022-இல் காரைக்குடி. சென்னைக் கல்லூரியோ 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டரைப்பெரும்புதூருக்கும் இரண்டாகப் பிரிந்து போய்விட்டது. உயர் நீதிமன்றத்தைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம் என்று சேர்ந்தவர்கள் இருப்பார்கள். பிள்ளைகளுக்குக் கிடைக்காத மாறுதல் கல்லூரிக்கே கிடைத்துவிட்டது என்று அந்த வக்கீல் சிரிப்பார்.

கல்லூரிகள் பெருகியது நல்லதுதான். ஒரே கல்லூரி இருந்தபோது மாறுதல் என்ற பேச்சே வராது. இத்தனை வந்த பிறகு வராமல் இருக்காது. கலந்தாய்வில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து, இனவாரி இட ஒதுக்கீட்டை வைத்து இடம் தருகிறார்கள். கட்-ஆஃப் கொஞ்சம் குறைந்த பிள்ளைக்குப் பக்கத்து ஊர் கிடைக்காது, முந்நூறு, நானூறு கிலோமீட்டர் தள்ளித்தான் கிடைக்கும். கிடைத்ததை விடக்கூடாது என்று சேர்ந்துவிடுகிறார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் பக்கத்து ஊர்க் கல்லூரியில் பெஞ்சுகள் காலியாக இருக்கின்றன. ஒருவருக்குப் போலீஸ் வேலை கிடைத்துப் போயிருப்பார். ஒருவர் குரூப் 4 தேர்வில் தேறியிருப்பார். ஒருவர் மறுபடியும் கிளாட் என்கிற தேசிய சட்ட நுழைவுத் தேர்வு எழுதி வேறு மாநிலத்துத் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போயிருப்பார். கல்யாணம் ஆகி நின்றுவிட்ட பெண்கள் உண்டு. சும்மா வராமலேயே போனவர்களும் உண்டு.

அந்தக் காலி இடத்தில் புதிதாக யாரையும் சேர்க்கவும் முடியாது. இந்த விஷயத்தை எல்லோரும் கவனிக்கவேண்டும் என்று நினைக்கிறேன். வக்கீல் தொழிலையும் சட்டக் கல்வியையும் ஒழுங்குபடுத்துகிற இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளில் 13-ஆவது விதி, ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பில் நான் ஏற்கெனவே பட்டம் வாங்கிவிட்டேன் என்று சொல்லி இடையில் வந்து சேருவதைத் தடுக்கிறது. பாதியில் ஒரு பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியேறுவதையும் தடுக்கிறது. சரி, நியாயமான விதிதான். அதனால் முதலாம் ஆண்டில் ஒரு இடம் காலியானால், அது ஐந்தாம் ஆண்டு முடிகிறவரை காலிதான். ஆசிரியர் இருக்கிறார், பெஞ்சு இருக்கிறது, மின்விசிறி சுற்றுகிறது, உட்கார ஆள் இல்லை. அதே படிப்பில் அதே ஆண்டு படிக்கிற இன்னொரு கல்லூரி மாணவர் வந்தால் மட்டுமே அது நிரம்பும்.

ஆனால் இந்த 13-ஆவது விதியையே காட்டி "மாறுதலே கிடையாதும்மா, பார் கவுன்சில் தடை" என்று கவுண்டரில் சொல்லித் திருப்பி அனுப்பியதாக என்னிடம் வந்து சொன்னவர்கள் இருக்கிறார்கள். நான் அந்த விதியைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். ஒரு பட்டதாரி நேராக மூன்றாம் ஆண்டில் வந்து உட்காருவது வேறு. முதலாம் ஆண்டைப் படித்து, தேர்வு எழுதி, தேறிய ஒரு மாணவி இரண்டாம் ஆண்டைப் பக்கத்து ஊரில் படிப்பது வேறு. அந்த விதியின் வாசகம் முதலாவதைப் பற்றித்தான் பேசுகிறது. நான் வக்கீல் இல்லை, டைப் அடிக்கிறவள். ஆனால் வருடக்கணக்காகச் சட்ட வாசகங்களை அடித்து அடித்து, எந்தச் சொல் எதைப் பிடிக்கிறது என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. அந்த சீனியர் வக்கீலிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். "நீ சொல்றதுதான் சரி. இதுல மாறுதல்னு ஒரு வார்த்தை இல்லை" என்றார்.

இதிலே இன்னொன்று. அரசு சட்டக் கல்லூரிகள் எல்லாம் ஒரே பல்கலைக்கழகத்தின் இணைப்பில் உள்ளவை. ஒரே பாடத்திட்டம், ஒரே வினாத்தாள். பட்டத்தில் இருக்கப்போவதும் ஒரே பல்கலைக்கழகத்தின் பெயர். சென்னையில் அந்தப் பல்கலைக்கழகமே நேரடியாக நடத்துகிற சீர்மிகு சட்டப் பள்ளியின் ஹானர்ஸ் படிப்புக்குப் போகவேண்டும் என்றால் பாடம் பொருந்தாது என்று சொல்லலாம், அதில் அர்த்தம் இருக்கிறது. வேறு மாநிலத்திலிருந்து வந்தாலும் சொல்லலாம். தருமபுரியில் ஒப்பந்தச் சட்டம் படித்தவர் தேனியில் அதைத் திரும்பப் படிக்கவேண்டிய அவசியம் என்ன?

போன வருடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறார், அப்பா இல்லை. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சட்டக் கல்லூரிக்குப் போன பெண். கட்டணம் அரசாங்கமே கட்டிவிடும். ஆனால் வாடகையை யார் கட்டுவது? கிடைத்தது வடமாவட்டத்துக் கல்லூரி. விடுதியில் இடம் கிடைக்கவில்லை. ஒரு வீட்டு மாடியில் ஆறு பெண்கள் சேர்ந்து ஒரு அறை. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வருகிற ஆயிரம் ரூபாய் அந்த அறையில் அவள் பங்குக்கே போதவில்லை. அம்மா வட்டிக்கு வாங்கித்தான் ஒப்பேற்றியிருக்கிறார்.

என் கடைக்கு வந்தபோது அந்தப் பெண் சொன்னாள்: "உள்ளதை உள்ளபடியே போடுங்கக்கா. விடுதி இல்லை, வாடகை கொடுக்க முடியலை, வீட்டுக்குப் பக்கத்துல இருந்தா பஸ் பாஸ்ல போயிட்டு வந்துடுவேன்." அப்படியே போட்டேன். நல்ல மனு. ஒரு வரிகூட அழவில்லை, எல்லாம் கணக்கு. வாடகை இவ்வளவு, சாப்பாடு இவ்வளவு, அம்மா வருமானம் இவ்வளவு, வருமானச் சான்று இணைத்துள்ளேன்.

பத்து நாள் கழித்து வந்தாள். "இந்தக் காரணமெல்லாம் செல்லாது, மெடிக்கல் போட்டு எடுத்துட்டு வான்னு சொல்லிட்டாங்க." சரி என்று மறுபடி அடித்தோம். பாட்டிக்கு இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார், அது உண்மைதான். அதனால் பொய் எழுதவேண்டிய நிலை வரவில்லை. பாட்டி நன்றாக நடமாடிக்கொண்டிருந்தால் என்ன செய்திருப்பாள்? மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். என் கடையில் அச்சாகிற மாறுதல் மனுக்களைப் பார்த்தால் இந்த மாவட்டத்தில் சட்டக் கல்லூரி மாணவர்களின் அப்பா ஒருவருக்கும் இதயம் சரியில்லை, அம்மா ஒருவருக்கும் சிறுநீரகம் சரியில்லை என்றுதான் நினைக்கத் தோன்றும். மனுவில் நெஞ்சுவலிக்காரராக இருக்கிற அப்பா, வெளியே பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டு டீ குடித்துக்கொண்டிருப்பார். நான் யாரையும் குறை சொல்லவில்லை. செல்லுகிற காரணம் எது என்று அச்சிட்ட விதி எதுவும் கையில் கிடைப்பதில்லை, அதனால் எது செல்லும் என்று வாய்வழியாகக் கேள்விப்பட்டதை எழுதுகிறார்கள். நாளைக்கு உண்மை வாக்குமூலம் என்று சத்தியம் வாங்கிக் கையெழுத்துப் போடவைக்கப் போகிற பிள்ளைகள், முதல் மனுவிலேயே இதைப் பழகுகிறார்கள்.

அந்தப் பெண்ணின் இரண்டாவது மனுவுக்கு, இருந்த கல்லூரியில் தடையில்லாச் சான்று கொடுத்துவிட்டார்கள். போகவேண்டிய இடத்தில் "இரண்டாம் ஆண்டில் காலியிடம் இல்லை" என்று வாயால் சொன்னார்கள். எழுத்தில் கேட்டாள், தரவில்லை. நான்தான் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் ஒரு 6(1) மனு அடித்துக் கொடுத்தேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். இரண்டே கேள்வி: இரண்டாம் ஆண்டில் அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, இன்றைய தேதியில் வருகைப் பதிவேட்டில் உள்ளவர்கள் எத்தனை பேர். முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்பது சட்டம். முப்பதாவது நாளை ஒட்டித்தான் பதில் வந்தது. கழித்துப் பார்த்தால் ஒன்பது இடம் காலி. ஆனால் அதற்குள் வகுப்பு தொடங்கி வெகுநாள் ஆகிவிட்டது. "இனிமே அடுத்த வருஷம் பாருங்க" என்று முடித்துவிட்டார்கள்.

உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுப் போடலாம், ஃபீஸ் வேண்டாம் என்று ஒரு இளம் வக்கீல் முன்வந்தார். அவள் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "படிக்கப் போன புள்ள காலேஜ் மேலயே கேஸ் போட்டா, அப்புறம் மார்க்குப் போடுவாங்களா?" என்று கேட்டார். விடைத்தாள் திருத்துவது வேறு இடத்தில், இன்டர்னல் மட்டும்தான் கல்லூரி கையில் என்று வக்கீல் விளக்கினார். "அந்த இன்டர்னலுக்குத்தான் சார் பயப்படுறேன்" என்றார் அந்த அம்மா. அவர் சொன்னதற்கு எதிரே வக்கீலிடம் பதில் இல்லை. அந்தப் பெண் இப்போதும் வடக்கேதான் படிக்கிறாள்.

மாறுதல் கிடைத்தவர்கள் பாடும் அவ்வளவு சுகமில்லை. ஒரு பையனுக்கு உத்தரவு வந்தது, ஆனால் ஆயுத பூஜை முடிந்து வந்தது. பார் கவுன்சில் விதிப்படி ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை இருந்தால்தான் தேர்வு எழுத முடியும். தகுந்த காரணம் இருந்தால் 65 வரை முதல்வர் பார்த்துச் செய்யலாம். பழைய கல்லூரியில் இருந்த வருகைக் கணக்கு புதிய கல்லூரிக்கு வந்து சேரவில்லை. புதிய பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்று மாதமும் வெறுமை. தேர்வுக்கு ஹால் டிக்கெட் வரவில்லை. பழைய ஊருக்கு ஓடி, துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்கி, முத்திரை வாங்கி, ஒரு வழியாகக் கடைசி நேரத்தில் எழுதினான். உதவித்தொகைப் பதிவும் பழைய கல்லூரிப் பெயரிலேயே இருந்ததால் பணம் சில மாதம் நின்றுபோனது. ஒரு கல்லூரியின் கணினியிலிருந்து இன்னொரு கல்லூரியின் கணினிக்கு ஒரு பெயர் நகர்வதற்கு ஒரு ஆள் பஸ்ஸில் போகவேண்டியிருக்கிறது.

சட்டென்று மாறுதல் கிடைக்கிற ஆட்களும் உண்டு. அவர்கள் கொண்டுவருகிற ஃபைலில் மேலே ஒரு பரிந்துரைக் கடிதம் இருக்கும், பெரிய லெட்டர்பேடு. அதையும் நான்தான் டைப் அடிக்கிறேன், காசு வாங்கிக்கொள்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை. அவர்களுக்கு மட்டும் காலியிடம் எங்கிருந்து முளைக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. இட்லிக் கடைக்காரர் மகளுக்கு இல்லாத இடம் இவர்களுக்கு இருக்கிறது என்றால், இடம் எப்போதுமே இருந்திருக்கிறது என்றுதானே பொருள்?

எதிர்ப்பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். மாறுதலைத் தாராளமாக விட்டால், கட்-ஆஃப் குறைந்தவர்கள் எங்கேயாவது சேர்ந்துவிட்டு அடுத்த வருடம் மதுரைக்கோ கோவைக்கோ வந்துவிடுவார்கள். கலந்தாய்வில் நியாயமாக இடம் கிடைக்காமல் போனவர்கள் ஏமாளிகள் ஆவார்கள். இதை ஒரு பேராசிரியரே என்னிடம் சொன்னார், அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் இப்போது நடப்பதும் அதுதானே? பரிந்துரை உள்ளவர்களுக்கு அது நடக்கிறது. வரிசை வைத்தால் அந்தப் பயம் போய்விடும். காலியிடத்தை எந்த இனத்துக்கு உரியதோ அந்த இனத்துக்கே வைத்து, கேட்கிறவர்களை பிளஸ் டூ கட்-ஆஃப், முதலாம் ஆண்டு மதிப்பெண், அரியர் இல்லாமை என்று வரிசைப்படுத்தினால் யார் முந்தினார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மாற்றுத்திறனாளி, உண்மையிலேயே நோயாளி, பெற்றோரை இழந்தவர் என்று கொஞ்சம் பேருக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

இன்னொரு கவலை, புதிதாகத் தொடங்கிய தூரத்துக் கல்லூரிகள் காலியாகிவிடும் என்பது. இது கொஞ்சம் உண்மையான கவலை. ஆனால் அதற்கு மருந்து பிள்ளைகளைக் கட்டிப்போடுவது அல்ல. என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் கல்லூரியைக் குறை சொல்லி மாறுதல் கேட்கவில்லை. "அங்க நல்லாத்தான் நடத்துறாங்க, தங்கத்தான் இடமில்லை" என்றார்கள். குறிப்பாகப் பெண் பிள்ளைகள். விடுதியில் ஒரு கட்டில் கிடைத்திருந்தால் என் கடைக்கே வந்திருக்க மாட்டார்கள்.

அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கு வருடா வருடம் பொது மாறுதல் கலந்தாய்வு நடக்கிறது. எமிஸ் என்கிற பள்ளிக் கல்வித் துறை இணையதளத்தில் காலிப் பணியிடப் பட்டியலைப் போடுகிறார்கள், முன்னுரிமைப் பட்டியலைப் போடுகிறார்கள், தேதி சொல்கிறார்கள். குறைகள் இல்லாமல் இல்லை, ஆனால் எந்தப் பள்ளியில் இடம் காலி என்று வீட்டில் இருந்தே பார்க்கலாம். என் அண்ணி ஆசிரியை. அவர் மாறுதலுக்கு நான் ஒரு மனுகூட அடிக்கவில்லை. பல்லாயிரம் ஆசிரியர்களுக்குச் செய்ய முடிகிற ஒன்றை, விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய அரசு சட்டக் கல்லூரிகளுக்குச் செய்ய முடியாதா?

எங்கள் ஊர் வக்கீல் ஒருவரின் மகன் அமெரிக்காவில் சட்டம் படிக்கிறார். அங்கே முதலாம் ஆண்டு முடிந்ததும் வேறு கல்லூரிக்கு மாறுவது சர்வசாதாரணம் என்றார். அங்கேயும் எல்லாம் நேர்மையாகவே நடக்கிறதா என்று எனக்கென்ன தெரியும். ஒன்று மட்டும் எனக்குப் பிடித்திருந்தது. அமெரிக்க பார் அசோசியேஷன் அங்கீகரித்த ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் இந்த வருடம் எத்தனை பேர் மாறி வந்தார்கள், எத்தனை பேர் மாறிப் போனார்கள் என்று வருடந்தோறும் வெளியிட்டாகவேண்டும். நம் ஊரில் இதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டாம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005-இன் நான்காவது பிரிவு, யாரும் கேட்காமலேயே தகவலைத் தாங்களாக வெளியிட வேண்டும் என்று அரசு அலுவலகங்களுக்குச் சொல்கிறது. அதே பிரிவில், ஒரு முடிவால் பாதிக்கப்படுகிறவருக்கு அந்த முடிவின் காரணத்தைத் தெரிவிக்கவேண்டும் என்றும் இருக்கிறது. சட்டம் சொல்லிக் கொடுக்கிற கல்லூரிகளுக்கு இதை டைப் அடிக்கிறவள் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

நான் கேட்பது பெரிய சீர்திருத்தம் ஒன்றும் இல்லை. மே மாதம் தேர்வு முடிகிறது. ஜூன் மாதம் ஒவ்வொரு அரசு சட்டக் கல்லூரியும் இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் எத்தனை இடம் காலி, எந்தெந்த இனத்தில் காலி என்று பல்கலைக்கழக இணையதளத்தில் ஒரு தாளில் போடட்டும். மூன்றாண்டுப் படிப்புக்கும் அப்படியே. ஒரே இடத்தில் ஒரே விண்ணப்பம் வாங்கட்டும். கல்லூரிகளுக்குள் என்.ஓ.சி. போகட்டும் வரட்டும், அது அலுவலகங்களின் வேலை, அதைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்பவேண்டாம். வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் உத்தரவு. இல்லை என்றால் ஏன் இல்லை என்று இரண்டு வரி எழுத்தில். வருகைக் கணக்கும் உதவித்தொகைப் பதிவும் பெயரோடு சேர்ந்து போகவேண்டும்.

இதில் முதலாவது மட்டும் நடந்தாலே பாதி அலைச்சல் குறையும். இடமே இல்லை என்று தெரிந்தால் யாரும் ரயில் ஏறமாட்டார்கள். கிடைத்த ஊரிலேயே ஒரு அறை பார்த்துக்கொண்டு படிப்பார்கள்.

உங்கள் நிருபர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறார்கள். இந்த மாதம் அவரவர் ஊர் அரசு சட்டக் கல்லூரிக்குப் போய் இரண்டாம் ஆண்டில் காலியிடம் எத்தனை என்று ஒரு கேள்வி கேட்டு, கிடைத்த பதிலை அப்படியே அச்சிடுங்கள். பதில் சொல்லவில்லை என்றால் அதையும் அச்சிடுங்கள். அந்தப் பக்கத்தை நான் வெட்டிக் கடை வாசலில் ஒட்டிவைக்கிறேன். மாறுதல் மனு அடிக்க வருகிற கூட்டம் குறைந்தால் குறையட்டும். பட்டா மனுவும் செக் மோசடி நோட்டீஸும் இருக்கிறவரை என் கடைக்கு வேலைக்குப் பஞ்சமில்லை.

இப்படிக்கு,
நீதிமன்ற வாசல் தட்டச்சர் ஒருவர்,
தென்மாவட்டம்.

(பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எனக்காக இல்லை. ஊர் தெரிந்தால் அந்தப் பெண் யார் என்று தெரிந்துவிடும், அவளுக்கு இன்னும் இன்டர்னல் மதிப்பெண் வரவேண்டியிருக்கிறது.)